ஏழாம் எண் பறவை

மனிதன் வானத்தை வென்றுவிட்டான். இனி இதில் யாரும் சந்தேகப்பட இடமில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் டைரக்டர் லெஸ்த்ராக் ஆண்டுக்கு நாற்பது தடவையாவது சொல்லிவிடுவார். தூலூஸ் நகருக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த அந்த விமானச் சோதனை நிலையத்துக்கு யார் வந்தாலும் சரி, பெரிய கொட்டகைக்குள் அழைத்துப்போய், இருபது மீட்டர் நீளக் காற்றுப் பீரங்கியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சொல்வார். அதில் எதைப் போட்டுச் சுடுகிறார்கள் என்பதை மட்டும் அவராகச் சொல்லமாட்டார். விடாப்பிடியாகக் கேட்டால் "ஓர் உயிரியல் பொருள்" என்பார். இன்னும் கேட்டால் "பறவை" என்பார். கோழி என்ற சொல் அவர் வாயில் சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் வரும்.

மிரேய் கஸ்தெரானுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நான்கு ஆண்டுகளாக அவள் கோழியடி தாங்குவதற்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொண்டிருந்தாள். புதிதாக வரப்போகும் பயணிகள் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி. மூன்று அடுக்கு, அடுக்குகளுக்கு நடுவே துவண்டு கொடுக்கிற பிளாஸ்டிக். பழைய கண்ணாடியைவிட ஒன்பது கிலோ குறைவு. விமானக்காரர்களுக்கு ஒன்பது கிலோ என்றால் வாயில் எச்சில் ஊறும். ஆனால் விமானம் முழு வேகத்தில் போகும்போது எதிரே ஒரு வாத்தோ கொக்கோ வந்து மோதினால், அந்த வாத்து கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். விமானி உயிரோடு வீடு திரும்ப வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

அக்டோபரில் முதல் சூடு. கோழி கண்ணாடியைத் துளைத்து, விமானியின் இருக்கையைத் துளைத்து, பின்சுவரில் போய் ஓய்ந்தது. நவம்பரில் இரண்டாவது. இந்தத் தடவை ஓட்டை விழவில்லை. ஆனால் உள்பக்கம் தெறித்த சில்லுகள், விமானியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கவிட்டிருந்த அலுமினியத் தாளில் பதினேழு துளை போட்டிருந்தன. அந்தத் தாளில் பீரங்கிக்குப் பொறுப்பான ரெஜிஸ் பரேர் ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் வரைந்து வைப்பான். மீசையும் கொஞ்சம் ஊதிய கன்னமுமாக. அது யார் முகம் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். டைரக்டர் மட்டும் "நல்ல களையான விமானி" என்று பாராட்டியிருக்கிறார்.

மூன்றாவது சூடு 1987 டிசம்பர் இருபத்து மூன்று, புதன்கிழமை. அன்றோடு நிலையம் மூடினால் இனி ஜனவரியில்தான் திறக்கும். ஆனால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கண்ணாடி தேறவில்லை என்றால் ஆர்டர் கடல் தாண்டி வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். மிரேயின் கீழ் வேலை செய்த ஆறு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். அவளுக்கென்று பார்த்து வைத்திருந்த புதிய நாற்காலி எது என்பதும் அவள் காதுக்கு எட்டியிருந்தது: விமானக் கழிப்பறைக் கதவுப் பிரிவு.

சூட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட பாரிஸிலிருந்து ஓபினோ என்ற அதிகாரி வந்தார். ஒருவர் வருவதாகத்தான் கடிதம் சொன்னது. நான்கு பேராக வந்து இறங்கினார்கள். ஓபினோ மெலிந்த மனிதர். விதிப்புத்தகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டே நடப்பார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல.

பதினொன்றரைக்கு எடை போடும் சடங்கு நடந்தது. பண்ணைக்காரர் துப்புய் காலையில்தான் கழுத்தைத் திருகி அனுப்பிய இரண்டு கோழிகள், இறகோடு. ஒன்று சுட, ஒன்று உபரி. உறைந்த கோழி ஆகாது, பழைய கோழி ஆகாது, இரத்தம் வடித்த கோழியும் ஆகாது; பறக்கிற பறவை எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். ஓபினோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தராசைப் பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து கிராம். விதி என்ன சொல்லுது? ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையக் கூடாது. சரி."

கோழிகளின் காலில் அவரே ஏழு, எட்டு என்று எண் எழுதிய அட்டையைக் கட்டி, அட்டையின் பின்பக்கம் கையெழுத்தும் போட்டார். பிணவறையில்கூட அவ்வளவு மரியாதை நடக்காது.

"உடனே சுட்டுடலாமா ஐயா? கண்ணாடி பறக்கும்போது இருக்கிற சூட்டுக்கு வந்து ரெடியா இருக்கு" என்றாள் மிரேய்.

டைரக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மணி பன்னிரண்டாகப் போவுதேம்மா."

மிரேய்க்கே தான் கேட்டது அசட்டுத்தனம் என்று பட்டது. அந்தப் பக்கத்தில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை யாரும் யாரையும் சுடமாட்டார்கள்.

கோழிகள் சாப்பாட்டுக் கூடத்துக் குளிர் அறைக்குப் போயின. சோதனைக் கூடத்துக்குத் தனியாக ஒரு குளிர்பெட்டி வேண்டும் என்று மிரேய் விண்ணப்பம் கொடுத்து மூன்று ஆண்டாகிறது, மூன்று பிரதிகளில். அதுவரை குளிர் அறையின் மேல் தட்டு சமையலுக்கு, கீழ்த் தட்டு சோதனைக்கு என்று ஒப்பந்தம். கீழ்த் தட்டின்மேல் ரெஜிஸ் ஒரு பலகை மாட்டியிருந்தான்: 'சோதனைப் பொருள். தொடாதே.'

மிரேய் சூப்போடு நிறுத்திக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள். கண்ணாடி பொருத்திய மாதிரி விமானி அறையைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அலுமினியத் தாளில் மீசைக்காரர் புதிதாக, முழு முகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவையாவது பொழைச்சுக்கோங்க" என்றாள் அவரிடம்.

இரண்டு மணிக்கு ரெஜிஸ் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"மிரேய், கொஞ்சம் வா. கத்தாதே."

"நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

"முதல்ல கத்தமாட்டேன்னு சொல்லு."

அவன் கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு கோழி. சாதாரணக் கோழி அல்ல. சோளமும் பாலுமாகக் கொடுத்து மாதக்கணக்கில் கொழுக்கவைத்த பெட்டை. இறகு இன்னும் பிடுங்கவில்லை. மார்பு மேசைபோல அகன்றிருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"யாரு இது?"

"அதான் எனக்கும் தெரியல. நம்ம தட்டுல இவதான் படுத்திருக்கா. ஏழும் இல்ல, எட்டும் இல்ல."

இருவரும் சமையலறைக்கு ஓடினார்கள். சமையல்காரி உகேத் முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உகேத்தம்மா, காலில அட்டை கட்டின ரெண்டு கோழி..."

"நல்ல கோழிதான் ராசா, ஆனா அந்தத் துப்புய்யைப் பார்த்தேன்னா காதைத் திருகுவேன். ரத்தமே வடிக்கல! கறி கருகருன்னு இருக்கு. பாரிஸ்காரங்களுக்கு எப்படிப் போடறது? அப்புறம் சிவப்பு ஒயினை ஊத்தி, அந்த ரத்தத்தையே விட்டுக் குழம்பாக்கி, காளான் போட்டு, ஒரு மணிக்கு மேல பரிமாறி ஒருமாதிரி சமாளிச்சேன்."

மிரேய் பாத்திரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அட்டையில எண்ணு இருந்துதே, பார்க்கலையா நீ?"

"பார்த்தேனே. துப்புய் வீட்டுக் கோழிக்கெல்லாம் காலில எண்ணு கட்டித்தான் வரும். எண்ணு இருந்தாத்தானே ஒசத்திக் கோழி!"

"கையெழுத்து இருந்துதே!"

"அதனாலதான் இன்னும் ஒசத்தின்னு நெனச்சேன்."

"கீழ்த் தட்டுல வச்சேன் உகேத்து" என்றான் ரெஜிஸ். "என் கையால வச்சேன்."

"நான் எடுத்தது மேல் தட்டுல. அது என் தட்டு. ஒருத்தருக்குன்னு சொல்லிட்டு நாலு பேர் வந்து உட்கார்ந்தா நான் என் விரலையா வெட்டிப் போடுவேன்? கீழ இருந்தது மேல எப்படி வந்துச்சோ? பொழுதுபோகலன்னு ஏறி வந்திருக்கும்."

அப்போதுதான் டைரக்டர் பல்குச்சியோடு உள்ளே வந்தார். தட்டில் இருந்த கோழியைப் பார்த்தார். பல்குச்சி நின்றது.

"அதை ஏன் வெளியே எடுத்தீங்க?"

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்னோடது. காலையில துப்புய் அனுப்பினது. கிறிஸ்துமஸுக்கு. என் மாமியார் வராங்க." கொஞ்சம் தயங்கினார். "மேல வச்சா உகேத் கை வச்சிடுவாங்களோன்னு... கீழதான் பலகை இருக்கே. தொடாதேன்னு. இடம் பத்தல. அதனால அந்த ரெண்டையும் சும்மா ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு மேல..."

வானத்தை வென்ற மனிதன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

துப்புய் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தார்கள். மனிதர் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். வீட்டில் எடுக்க ஆளில்லை. போய் வருவதென்றால் இரண்டு மணி நேரம் ஆகும். ஓபினோவின் ரயில் ஐந்து பத்துக்கு. ரெஜிஸ் ரிப்பனை அவிழ்த்துவிட்டுப் பெட்டையைத் தராசில் வைத்தான். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.

"பாதங்களையும் இறக்கை நுனியையும் வெட்டிக்கலாம், விதியில இருக்கு" என்றான். "பத்துல ஒரு பங்கு வரைக்கும்."

"இன்னும் கொஞ்சம் வெட்டினா ஆயிரத்து எண்ணூறுக்குக் கொண்டாந்துடலாமே" என்றார் டைரக்டர்.

"அதுக்குமேல வெட்டினா பறவைன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. கறின்னுதான் சொல்லணும்."

"காத்தழுத்தத்தைக் கொஞ்சம்போலக் குறைச்சா? வேகம் கொஞ்சம்போலக் குறையும். யாருக்குத் தெரியப்போவுது?"

"செய்யலாமே. கேமராவையும் அந்த நேரம் கண்ணை மூடிக்கச் சொல்லிடறேன்."

மிரேய் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டியது போக இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. கேட்டதைவிடப் பதினேழு சதவீதம் கனமான அடி. அவளுடைய கண்ணாடி எவ்வளவு கூடுதலாகத் தாங்கும் என்று நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: பதினான்கு. பட்டியலைத் திருப்பினாள். 'காளான் குழம்பில் கோழி' என்று உகேத் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். மறுபடி திருப்பினாள். அப்போதும் பதினான்குதான்.

நேராகக் கொட்டகைக்குப் போனாள். ஓபினோ கனப்புக்குப் பக்கத்தில், கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, நிறைவாக நின்றிருந்தார்.

"பறவை மாறியிருக்குங்க ஐயா. கனமானது. இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. இதை வச்சே சுடணும்னு கேட்டுக்கறேன்."

அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். "குறையக் கூடாதுன்னு இருக்கு. கூடக் கூடாதுன்னு இல்ல. தாங்கினா தேறிடும். ஆனா ஒண்ணு, உடைஞ்சா உடைஞ்சதுன்னுதான் எழுதுவேன். கோழி குண்டாயிருந்துச்சுன்னு பின்னால வந்து அழக் கூடாது."

"அழமாட்டேன்."

"நல்லது. ஏழாம் எண்ணுக்கு என்ன ஆச்சு? நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே?"

மிரேய் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தன்னையறியாமல், அவர் கை கோத்திருந்த இடத்தைப் பார்த்தாள். ஓபினோவும் குனிந்து அங்கேயே பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் எண்?" என்றார் மெதுவாக.

"அதுவும்தான்."

ஓபினோ கைகளை முதுகுப்பக்கம் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

பாதமும் இறக்கை நுனியும் வெட்டிய பெட்டையை ஓபினோ தராசில் பார்த்துச் சரி என்ற பிறகு, ரெஜிஸ் அவளைப் பருத்திப் பைக்குள் போட்டு, பையை மென்மரக் குடுவைக்குள் இறக்கி, குடுவையைப் பீரங்கிக் குழாய்க்குள் தள்ளினான். மாமியாருக்கு வைத்திருந்த மார்பு கடைசியாக உள்ளே போகும்போது டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் கனத்த சுவருக்குப் பின்னால் போனார்கள். காற்றுத்தொட்டி சீறிக்கொண்டே நிரம்பியது. முள் ஏறியது. ரெஜிஸ் கீழிருந்து மேலாக எண்ணுவதில்லை, மேலிருந்து கீழாக. இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் மூச்சு விடுவான். இன்றும் விட்டான்.

பார்க்க ஒன்றுமே இல்லை. அதைத்தான் மிரேயால் எப்போதும் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. முன்னால் என்று ஒரு நொடி இருந்தது; பின்னால் என்று ஒரு நொடி இருந்தது; இடையில் நடந்ததற்கு உலகத்தில் இடமே இல்லை. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பிறகு சன்னலுக்கு அந்தப்புறம் வெள்ளை இறகுகள் மட்டும், அவசரமே இல்லாமல், பனி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டிருந்தன.

மிரேய்தான் முதலில் போனாள். கண்ணாடியின் வெளியடுக்கு முழுதும் வெடித்து, உறைபனி பூத்ததுபோல வெளுத்திருந்தது. நடு அடுக்கில் ஒரே ஒரு கீறல், மூலையிலிருந்து மூலைக்கு. அவள் விமானி அறைக்குள் நுழைந்து, மண்டியிட்டு, உள் அடுக்கைப் புறங்கையால் தடவினாள். வழவழவென்று இருந்தது. தாளின் பக்கம் முகத்தைத் திருப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மீசை எப்படி இருக்கு?" என்று கத்தினாள்.

ரெஜிஸ் எட்டிப் பார்த்தான். தாளை ஒரு பக்கம் பார்த்தான், திருப்பி மறுபக்கம் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு பரு கூட இல்ல."

அவள் அப்படியே அந்த விமானி இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

படச்சுருளைக் கழுவி முடிக்க நாலு மணி ஆனது. சின்ன அறை, திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு. எட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். உகேத்தும் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நொடிக்கு ஐயாயிரம் படம் எடுத்த கேமரா. இமைக்கிற நேரம் திரையில் ஒரு நிமிடம் ஓடும்.

முதலில் வெறும் கண்ணாடி. பிறகு, குடுவையைக் குழாய் வாயிலேயே விட்டுவிட்டு, இடது ஓரத்தில் பை வந்தது. வரும் வழியிலேயே பை கிழிந்து பின்னுக்கு நழுவியது. உள்ளிருந்த பெட்டை வெளியே வந்தாள். வெட்டுப்பட்ட இறக்கைகள் இரண்டும் காற்றில் மெல்ல விரிந்தன. வாழ்நாளில் வேலிக்குமேல் ஏறியிராத அந்தப் பெட்டை, திரையில் இரண்டே இரண்டு நொடிக்கு, கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, எந்தக் கழுகும் பறந்திராத வேகத்தில் பறந்தாள்.

"அம்மாடி" என்றாள் உகேத்.

பிறகு பெட்டை கண்ணாடியைத் தொட்டாள். தொட்ட இடத்தில் கோழி கோழியாக இல்லை. எலும்பு, சதை, இறகு என்ற பேதமெல்லாம் போய், மூக்கிலிருந்து வால் வரை ஒரே நீராக ஆனாள். குடத்து நீரைப் பாறையில் எறிந்ததுபோல வட்டமாகப் பரந்து, கண்ணாடிமேல் வழுக்கி ஏறி, மேல்விளிம்பைத் தாண்டி விசிறியாகப் போனாள். அவள் போகப்போக, கல் மாதிரி இருந்த கண்ணாடி அவளுக்கு இடம் கொடுத்தது. நான்கு விரற்கடை உள்ளே குழிந்தது. குழிந்த இடத்திலிருந்து அலை புறப்பட்டு, குளத்து அலை கரைக்குப் போவதுபோல நான்கு ஓரத்துக்கும் போய், சட்டத்தில் முட்டி, திரும்பி நடுவுக்கு வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தணிந்து. மிரேய் எண்களாக மட்டுமே அறிந்திருந்த அலை. அவள் எழுதிய வழியில்தான் போனது. ஆனால் அவள் எழுதியதைவிட எவ்வளவோ அழகாகப் போனது. பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவில் இருந்த அந்த மூன்றை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. கடைசி அலை அடங்கியபோது கண்ணாடி தன் இடத்துக்கே வந்து நின்றது.

படச்சுருளின் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

"மனிதன் வானத்தை..." என்று டைரக்டர் தொடங்கினார். எங்கேயோ பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவை போடுங்க ரெஜிஸ்" என்றார்.

ரெஜிஸ் போட்டான். அந்த இரண்டு நொடி வந்தபோது டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். மாமியாரை நினைத்தாரா, பெட்டையை நினைத்தாரா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு ஓபினோ படிவத்தை எடுத்தார். பறவையின் எடை, வேகம், கண்ணாடியின் நிலை, தாளின் நிலை. எல்லாவற்றையும் மிரேய் சொல்லச் சொல்ல ரெஜிஸ் தட்டச்சில் அடித்தான். 'தேறியது' என்ற கட்டத்தில் ஓபினோ தன் பேனாவால் ஒரு குறி போட்டார். சின்னக் குறிதான். மிரேய் சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு" என்றார் ஓபினோ, அவளைப் பார்க்காமல். "எண் போட்டும் சுடாத பறவைகள். என்ன ஆச்சுன்னு எழுதணும்."

"புதைக்கப்பட்டதுன்னு எழுதிடலாமே" என்றார் டைரக்டர் ஆசையோடு. "ஒரு வகையில பார்த்தா..."

"படிவத்துல பொய் எழுதக் கூடாது." விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார் ஓபினோ. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. "நடந்ததை எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மிரேய் தட்டச்சின் முன்னால் தானே உட்கார்ந்து அடித்தாள். ஓபினோ இரண்டு தடவை படித்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, ஐந்து பத்து ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

அந்தக் கட்டத்தில் இப்படி இருக்கிறது: 'எண் 7, எண் 8: மதிய உணவில் பரிமாறப்பட்டன. சாட்சி அதிகாரி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.'